எங்கள் ஊரில் தண்ணீர் கொதிக்கும் சூடு

விஞ்ஞானம் என்றாலே எனக்கு வேப்பங்காய். இரண்டு பரீட்சைகளில் தொடர்ந்து கோட்டை விட்டேன். பெங்களூர் கண்டோன்மென்ட் பள்ளிக்கூடத்து சயின்ஸ் மிஸ் அம்மாவைக் கூப்பிட்டு, "இந்தப் பொண்ணுக்கு சயின்ஸ் ஏறாது. அடுத்த மாசத்திலேருந்து தையல் கிளாசுக்கு மாத்திடறோம்" என்று சொல்லிவிட்டார். அப்பாவுக்கு நிம்மதி. தையல் தெரிந்த பெண்ணைச் சீக்கிரம் தள்ளிவிடலாம் அல்லவா?

சண்டைக்குக் கிளம்பியவர் அம்மாவின் தம்பி, என் மாமா ஒருவர்தான். ரிச்சர்ட்ஸ் டவுனில் எங்கள் வீட்டோடு இருந்துகொண்டு, மெட்ரிக்கில் அதே விஞ்ஞானத்தில் இரண்டு முறை குப்புற விழுந்து, கொஞ்சமும் வெட்கமில்லாமல் மூன்றாம் முறைக்குப் பெயர் கொடுத்திருந்தவர். "ஏறாதுன்னு சொல்ல அவங்க யாரு? இன்னிக்கு வரலேன்னா நாளைக்கு வரும். நான் வுட்டேனா? நீயும் வுடாதே" என்றார். இப்படிப்பட்டவர் சொன்னால் யாருக்குத்தான் தைரியம் வரும்!

சிநேகிதனிடம் கெஞ்சி ஒரு தர்மாமீட்டர் கொண்டுவந்தார். புத்தகத்தைத் திறக்காமல், தண்ணீர் எந்தச் சூட்டில் கொதிக்கிறது என்று நானே பார்த்துச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்து பாரன்ஹீட் கணக்கில் இருநூற்றேழு டிகிரி என்றேன். சீமையில் அச்சடித்த புத்தகத்திலோ இருநூற்றுப் பன்னிரண்டு. ஓவென்று அழுதேன். தர்மாமீட்டரைக்கூடப் பார்க்கத் தெரியாத ஜன்மம் நான்! "அழுது பேஜார் பண்ணாதே. மறுபடி பாரு" என்றார் மாமா. கிணற்றுத் தண்ணீர், குழாய்த் தண்ணீர், எது வைத்தாலும் அதே இருநூற்றேழு.

"வெறுந்தண்ணியக் கொதிக்க வெச்சே வெறகைத் தீத்துட்டீங்க. உம் மாமனாரு வண்டியில ஏத்தி அனுப்புவாரா?" என்று கல்யாணமாகாத தம்பியை அம்மா பிடித்துக்கொண்டாள்.

மறுவாரம் மிஸ் வேண்டுமென்றே அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டார்.

"இருநூத்தேழு, மிஸ்."

வகுப்பே சிரித்தது. "புக்குல என்ன போட்டிருக்கு?"

"புக்கு சீமையில போட்டது, மிஸ். நம்ம ஊர்ல இருநூத்தேழுதான். நீங்களே வெச்சுப் பாருங்க."

என் வாயா பேசியது! மிஸ் கோபத்தோடு ஸ்பிரிட் விளக்கை ஏற்றினார். தண்ணீர் கொதித்தது. குனிந்து பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். "உட்காரு" என்றார். எங்கள் ஊர் மேட்டில் இருக்கிறது, காற்றின் அழுத்தம் குறைவு, அதனால் தண்ணீர் முன்னாலேயே கொதித்துவிடுகிறது என்று மறுநாள் அவரே விளக்கினார். தையல் பேச்சை அதன்பின் யாரும் எடுக்கவில்லை.

மாமாவின் பரீட்சையிலும் அதே கேள்வி வந்தது. "பெங்களூரில் இருநூற்றேழு" என்று எழுதிவிட்டு வந்தார். ஓரிரு மார்க்கில் மூன்றாம் முறையும் போயிற்று. அப்பா தலையில் அடித்துக்கொண்டார்.

"புக்குல இருக்கறது உங்களுக்குத் தெரியுமில்ல, மாமா?"

"தெரியாம என்னடி? அத்தனை பேருக்கு முன்னால நீ எழுந்து நின்னு சொன்னே. நான் மட்டும் பேப்பர்ல மாத்தி எழுதறதா?"

எனக்கு எரிச்சலாக வந்தது. இவ்வளவு தெரிந்தும் ஒரு பரீட்சை பாஸ் பண்ணத் தெரியவில்லையே இந்த மனுஷருக்கு என்று நினைத்தேன். என் பக்கம் நிற்பதற்காக ஒருவர் தோற்கவும் துணிவார் என்பது புரிகிற வயதில்லை அது.