மணலுக்குத் தோதான டயர்

அந்த டயரை ஒரு வருஷம் முன்னாலேயே வாங்கியிருக்க வேண்டும். வாங்கவிடாமல் கெடுத்தவன் நான். சுற்றி வளைக்காமல் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இத்தனை நாள் கதையை வேறு மாதிரி சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

எங்கள் பிக்கப் வண்டி எனக்கும் அண்ணனுக்கும் பொது. விடியற்காலையில் பட்டினப்பாக்கம் கரையில் போட் வந்து சேரும். மற்றவர்களில் பலர் மீன்கூடையைத் தலையில் சுமந்து, ரோட்டில் நிற்கிற வண்டிக்குக் கொண்டுபோவார்கள். நாங்களும் இன்னும் சிலரும் வண்டியையே மணலில் இறக்கி போட் பக்கத்தில் நிறுத்துவோம். முதலில் போய் நிற்கிற வண்டிக்குத்தான் முதல் லோடு. நான் ஓட்டுவேன், அண்ணன் பின்னால் வருவார்.

மணலில் இறங்குமுன் நாலு டயரிலும் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிடுவோம். டயர் பரந்து உட்கார்ந்தால் அவ்வளவு சீக்கிரம் புதையாது. அப்படியும் புதைந்தால் அண்ணன் பின்சக்கரத்துக்கு அடியில் பலகையும் ஈரக் கோணியும் செருகுவார். பிறகு விலகி நின்று வண்டியின் தகரத்தில் இரண்டு தட்டு தட்டுவார். அந்த இரண்டு தட்டு கேட்காமல் நான் ஆக்சிலேட்டரைத் தொடக்கூடாது. எங்கள் குப்பத்தில் மணலில் வண்டி இறக்குகிற எல்லோருக்கும் இதுதான் சட்டம். அலைச் சத்தத்தில் கத்தினால் காதில் விழாது, தகரத்தில் கை விழுந்தால் சீட்டில் உட்கார்ந்திருப்பவன் முதுகுக்கே தெரியும்.

டயர் நாலும் வழுக்கையான பிறகு, தேனாம்பேட்டையில் வழக்கமாகப் போகிற பாய் கடைக்குப் போனோம். அண்ணனைப் பார்த்ததுமே பாய் உள்ளேயிருந்து ஒரு டயரை உருட்டிக்கொண்டு வந்தார். கட்டம் கட்டமாகத் தடித்த ரப்பர். நடுவில் விரல் நுழைகிற அளவுக்குப் பள்ளம்.

“ஆல் டெரைன் நைனா. ரோடு, சேறு, மண்ணு எல்லாத்துலயும் போவும். தார் ரோட்ல கொஞ்சம் ஊளை வுடும், டீசலும் கொஞ்சம் கூட குடிக்கும். ஆனா மண்ணுல எறங்குற வண்டிக்கு இதான் கரீட்டு.”

அண்ணன் குனிந்து அந்தப் பள்ளத்தில் கட்டைவிரலை விட்டுப் பார்த்தார். “இதையே போட்டுடு பாய். பலகைய தூக்கினு நான் பின்னாலயே ஓட வேணாம் பாரு” என்று சிரித்தார்.

எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. கடைக்குள் வந்ததிலிருந்து பாய் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஓட்டுகிறவன் நான், ஸ்டியரிங்கைப் பிடித்துத் தோள்பட்டை விட்டுப்போகிறவன் நான். டயர் பேச்சு மட்டும் அவரோடு! கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது.

“இன்னாண்ணா, நம்ம வண்டி ரேஸுக்கா போவுது? பத்துல ஒம்போது பங்கு தார் ரோட்லதான் ஓடுது. சிந்தாதிரிப்பேட்ட, அடையார்னு நாள் பூரா இந்த ஊளைய யாரு கேக்கறது, நீயா?”

“டேய், அந்த மீதி ஒரு பங்குலதான்டா நம்ம பொழப்பே கீது.”

“அப்ப நீயே ஓட்டிக்கோ.”

சாவியைத் தூக்கிக் கல்லா மேசையில் வீசினேன். அண்ணனுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. அது எனக்கும் தெரியும், பாய்க்கும் தெரியும். பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் சாவியை எடுத்து என் சட்டைப் பையில் போட்டார். “சரி, இவன் சொல்றதையே போடு பாய்” என்றார். சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு ஓடுகிற ரோடு டயராக நாலு மாட்டிக்கொண்டு, எதையோ கெலித்தவன் மாதிரி வீட்டுக்கு வந்தேன். அன்றைக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷம். சீ!

ஐப்பசி மழை பிடித்தது. கடல் கொந்தளித்து, அலை வாரிப் போட்ட புது மணல் கரை முழுக்க மேடு மேடாகக் கிடந்தது. அந்த மாதம் நாங்கள் புதையாத நாளே இல்லை. ஒவ்வொரு தடவையும் அண்ணன் பலகையை எடுத்துக்கொண்டு இறங்குவார். டயரைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். ‘நான் அன்னிக்கே சொன்னேனே’ என்று ஒரு தடவை திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டி ஆறியிருப்பேன். அவர் வாயைத் திறக்காததுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

அன்றைக்கு வண்டி நிறைய லோடு. ரோட்டுக்கு ஏறுகிற மேட்டில் பின்சக்கரம் அச்சு வரைக்கும் உள்ளே போய்விட்டது. தூறிக்கொண்டிருந்தது. பின்னால் இன்னொரு வண்டிக்காரன் ஹாரனை விடாமல் அடித்தான். அண்ணன் குனிந்து பலகையைக் காலால் உதைத்து உதைத்துச் செருகிக்கொண்டிருந்தார். ‘இந்த மனுஷனுக்கு ஒரு பலகை வைக்க எவ்வளவு நேரம்’ என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவர் தட்டவில்லை. நான் மிதித்தேன்.

சக்கரம் எதன் மேலோ ஏறியது. பலகையில் ஏறிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். அந்த ஒரு நொடி சந்தோஷத்தை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை. பலகைக்கும் சக்கரத்துக்கும் நடுவே இருந்தது அவருடைய வலது கால்.

ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். எப்படி ஆச்சு, எப்படி ஆச்சு என்று குப்பமே வந்து கேட்டது. “தட்டின சத்தம் கேட்டுச்சு, எடுத்தேன்” என்றேன். யோசித்துச் சொன்ன பொய் இல்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது. ஆனால் அடுத்தடுத்து வந்தவர்களிடம் யோசித்துத்தான் சொன்னேன்.

அண்ணி மட்டும் நம்பவில்லை. அண்ணனுக்கு நினைவு தெளிந்ததும், என்னை வைத்துக்கொண்டே அவரிடம் கேட்டார்: “நீ தட்டினியாய்யா?”

அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு மேலே ஓடுகிற ஃபேனைப் பார்த்தார்.

“தட்னேன். கால எடுக்கறதுக்குள்ள தட்டிட்டேன். என் தப்புதான்.”

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்கலாம். டயர் கடையில் அத்தனை பேர் முன்னால் அவ்வளவு நீளம் பேசிய வாய்க்கு அன்றைக்குப் பூட்டு விழுந்துவிட்டது. கட்டிலின் கால்மாட்டில், போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு மரம் மாதிரி நின்றேன். அண்ணி அதற்குப் பிறகு அதைப் பற்றிக் கேட்கவேயில்லை. என் முகத்தைப் பார்த்துப் பேசுவதையும் விட்டுவிட்டார்.

மழை முடிந்து, அண்ணன் ஊன்றுகோலில் நடக்கப் பழகிய பிறகு நான் மட்டும் பாய் கடைக்குப் போனேன். விஷயம் அவருக்குத் தெரிந்திருந்தது. “இன்னா டயரு போடட்டும் நைனா? நீ சொல்லு” என்றார்.

போன தடவை எதற்காகச் சாவியை வீசினேனோ, அது கிடைத்துவிட்டது. பாய் என்னைக் கேட்டார். பக்கத்தில் கேட்பதற்கு வேறு ஆள் இல்லை.

ஆல் டெரைன் என்றேன். வந்த டயர்களில் ஒன்றையும் விடவில்லை. பக்கச் சுவரில் எந்த வாரம், எந்த வருஷம் செய்தது என்று இருக்கிற எண்ணைப் படித்தேன். லோடு தாங்குமா என்று இரண்டு தரம் கேட்டேன். ஒரு டயரின் ஓரத்தில் சின்ன வெடிப்பு மாதிரி தெரிந்தது, மாற்றச் சொன்னேன். நாலிலும் அண்ணன் செய்த மாதிரியே பள்ளத்தில் கட்டைவிரலை விட்டுப் பார்த்தேன். பாய் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் காலையில் அண்ணன், ‘நானும் வருகிறேன்’ என்று பிடிவாதம் பிடித்து, கேபினில் என் பக்கத்தில் ஏறிக்கொண்டார். ரோடு முழுக்க டயர் ஊளையிட்டது. மணல் ஆரம்பிக்கிற இடத்தில் நான் காற்றை இறக்கிவிட்டு ஏறி உட்கார்ந்தேன். அவர் ஊன்றுகோலோடு இறங்கி, மணலில் இழுத்து இழுத்து வண்டிக்குப் பின்னால் போனார்.

எதற்குப் போகிறார்? இந்த டயருக்குப் பலகை வேண்டாம், கோணி வேண்டாம், தட்டுவதற்கு ஆளும் வேண்டாம். நேரே போகலாம். ஆனால் என் காலை ஆக்சிலேட்டரில் வைக்க முடியவில்லை. பின்னால் எவனோ ஹாரன் அடித்தான். அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

தகரத்தில் கை விழுந்தது. ஒன்று. இரண்டு.

கொஞ்ச நேரம் கழித்து அவர் என் ஜன்னலுக்கு வந்து சேர்ந்தார். மூச்சு வாங்கியது.

“கேட்டுச்சாடா?”

“கேட்டுச்சுண்ணா.”

“அன்னிக்கி நான் தட்டல. உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இன்னிக்கி தட்டிட்டேன். போ.”

“அண்ணா…”

“போடான்னா. லோடு போய்டப் போவுது.”

மிதித்தேன். வண்டி ஒரு இடத்தில்கூடத் திணறாமல் மணல் மேட்டில் ஏறி, போட் பக்கம் போனது. கண்ணாடியில் பார்த்தேன். அண்ணன் நின்ற இடத்திலேயே நின்றார். ஊன்றுகோல் மணலில் புதைந்துகொண்டிருந்தது. அவர் இரண்டு கையாலும் அதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்.