இசக்கியப்பன் திறந்து வைத்த கண்

சந்திரம்மாள் இசக்கியப்பனுக்குத் தர வேண்டியிருந்தது இருபத்தோராயிரம் ரூபாய். ஆடித் திருவிழாவுக்கு அம்மன் லைட் போர்டு கட்டிய பாக்கி. பிள்ளைப்பாக்கத்தில் கம்பெனிப் பிள்ளைகளுக்கு மெஸ் நடத்துகிற சந்திரம்மாள்தான் தெருக் கோயில் கமிட்டித் தலைவி. சோற்றில் தாராளம், பணத்தில் பிடி கெட்டி.

இசக்கியப்பன் யாரென்று இந்த வட்டாரத்தில் சொல்லத் தேவையில்லை, வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்லலாம். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து மாற்றுச் சட்டைகூட இல்லாமல் வந்து சேர்ந்த மனுஷன். படிப்பு அஞ்சாம் வகுப்பு, அதிலும் பாதி நாள் மட்டம். ரேடியோ செட் கடையில் வயர் சுருட்டி, ஷாக் வாங்கி வாங்கியே கரண்டைப் படித்துக்கொண்டவர். பல்பு மேல் கலர்த் தாள் ஒட்டிய காலத்திலேயே மயிலைத் தோகை விரிக்க வைத்தவர். இன்றைக்குத் தண்டலத்திலிருந்து வல்லக்கோட்டை வரைக்கும் திருவிழாவில் ஆள் உயரத்துக்கு மேல் சாமி மின்னுகிறதென்றால், பத்துக்கு ஏழு அவர் கைவேலை. மிச்சம் மூன்று, அவரைப் பார்த்துச் செய்தது. பெருமை பேசுகிறார் என்பார்கள். பேசினால் என்ன? சாரத்தில் ஏறிக் கட்டியது அவர்களா?

இந்த வருஷம் அவருக்கு ஒரு ஆசை வந்துவிட்டது. போர்டு அம்மன்கள் எல்லோரும் ஸ்விட்ச் போட்ட மாதிரி பட்டென்று கண் திறப்பார்கள். "தூங்கி எந்திரிக்கிற பொம்பள அப்படியா முழிப்பா?" என்பார். இமை மெல்ல மெல்ல உயர வேண்டும், முகத்தில் வெளிச்சம் ஊறி வர வேண்டும். அதற்காகவே சென்னையில் கடன் சொல்லி, விளக்கை மங்கலிலிருந்து மெதுவாகப் பிரகாசமாக்கும் புதுப் பெட்டி ஒன்று வாங்கி வந்தார்.

முதல் நாள் சாயங்காலம் அம்மன் கண் திறந்தாள். பூக்காரி கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டாள். இசக்கியப்பன் மீசையைத் தொட்டுக்கொண்டார். அப்புறம்தான் வினை. எல்லோரும் செல்போனைத் தூக்கினார்கள்.

"இன்னாப்பா இசக்கி இது?" சந்திரம்மாள் தன் போனை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். "அம்மா மூஞ்சில கறுப்பு கறுப்பா ஓடிக்கினு கீது!"

உண்மைதான். நேரில் பார்த்தால் பளிங்கு மாதிரி முகம். போனில், நெற்றியிலிருந்து மோவாய் வரைக்கும் கறுப்புப் பட்டைகள் ஊர்ந்துகொண்டிருந்தன. யார் போனை வாங்கிப் பார்த்தாலும் அதே கதி.

"யக்கா, கண்ணால பாருங்க. நல்லாத்தான இருக்கு?"

"கண்ணால பாக்க எரநூறு பேர் வருவான். போன்ல பாக்கறவன் ஊரு முழுக்க கீறான். அபசகுனம்னு இப்பவே குரூப்ல போட்டுட்டாங்கோ. ஞாயித்துக்கிழம கடைசி நாளு. அதுக்குள்ள அம்மா மூஞ்ச தொடச்சி குடு, துட்ட வாங்கினு போ. இல்லாங்காட்டி போர்ட கயட்டிக்கினு கெளம்பு."

துட்டு போனால்கூடச் சம்பாதித்துவிடலாம். அம்மன் முகத்தில் கரி பூசினவன் என்று பேர் விழுந்தால் அடுத்த வருஷம் யார் கூப்பிடுவார்கள்? வயரை மாற்றினார், பல்பை மாற்றினார், பெட்டியைத் தட்டிக்கூடப் பார்த்தார். பட்டை போகவில்லை.

மறுநாள் மெஸ் வாசலில் செல்வலட்சுமி அவரைப் பிடித்தாள். அவளும் தெற்கத்திப் பெண். போன் கம்பெனியில், கேமரா டெஸ்ட் பண்ணுகிற லைனில் வேலை.

"அண்ணாச்சி, உங்க அம்மன் நிக்காம கண்ணு சிமிட்டிக்கிட்டே இருக்கா."

"மெதுவாத் தொறக்கத்தான செய்தா?"

"அந்தப் பெட்டி வெளிச்சத்தை எப்படிக் கொறைக்குன்னு நெனைக்கிய? பல்பை அணைச்சு அணைச்சு எரிய விடுது. வேகமா நடக்கதால நம்ம கண்ணு ஒண்ணாச் சேத்துக்கிடும். கேமராவுக்கு அந்தத் தாட்சண்யம் கெடையாது. வரி வரியாத்தான் படம் எடுக்கும். அணைஞ்ச நேரத்துல எடுத்த வரி கறுப்பா விழும். எங்க லைன்லயும் இதே தலைவலிதான். அதுக்குன்னே சிமிட்டாத லைட்டு போட்டிருக்காவ."

"கண்ணுக்குத் தெரியாத சிமிட்டலா? யார்ட்ட கதை விடுத?"

அவள் விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவிக் கொடுத்தாள். "விளக்கை மங்கலா வச்சு, அதுக்கு முன்னால வேகமா ஆட்டிப் பாருங்க."

இருட்டான கொட்டகைக்குள் அந்தப் பெட்டியில் ஒரு பல்புச் சரத்தை மாட்டி, மங்கலாக வைத்து, ஈர்க்கை ஆட்டினார். ஓர் ஈர்க்கு, விசிறி மடிப்பு மாதிரி தனித்தனியாகப் பல ஈர்க்காகத் தெரிந்தது. இசக்கியப்பனுக்குக் கோபம் வரவில்லை, சிரிப்பு வந்தது.

"அடி ஆத்தே! நாப்பது வருசமா ஊரு கண்ணை ஏமாத்திப் பொழச்சேன். இது என் கண்ணையே ஏமாத்திட்டே!"

பொய்யில்லை. அவர் மயில் தோகை விரித்தபோது எந்த பல்பு நகர்ந்தது? ஒன்று அணைந்தது, அடுத்தது எரிந்தது. பார்க்கிறவன் கண் சேர்த்துத் தைத்துக்கொண்டது. கலை என்று மேடையில் பேசுகிறார்கள், சயின்ஸ் என்று கம்பெனியில் பேசுகிறார்கள். ரெண்டுக்கும் சம்பளம் போடுகிற முதலாளி இந்தக் கண்தான்.

"பெட்டியைக் கழத்திட்டு, பழையபடி பட்டுன்னு தொறக்க விடுங்க, அண்ணாச்சி."

"அதுக்கு இசக்கியப்பன் எதுக்கு? ஸ்விட்ச்சு போதுமே."

சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்தார். கண்ணையும் முகத்தையும் வரிசை வரிசையாகப் பிரித்து வயர் இழுத்தார். கீழ் வரிசையில் தொடங்கி ஒவ்வொன்றாக எரியும். எரிந்த வரிசை சிமிட்டாமல் நின்று எரிய, பேட்டரி கரண்ட் கொடுத்தார். அப்படியும் இமை படிக்கட்டு ஏறுகிற மாதிரி வெட்டி வெட்டி உயர்ந்தது. யோசித்து, மெல்லிசான மல் துணியை முகத்துக்கு முன்னால் விரல் இடைவெளி விட்டு இழுத்துக் கட்டினார். வெளிச்சம் துணியில் கசிந்து, வரிசையோடு வரிசை கலந்தது. செல்வலட்சுமி ஓவர்டைமை விட்டுவிட்டு, போனில் பார்த்துப் பார்த்துச் சொன்னாள்.

"எடது கண்ணு முந்துது, அண்ணாச்சி. மாறுகண்ணு அம்மன்னு போட்டுருவாவ."

"வாயைக் கழுவு!" என்றபடி சரி பண்ணினார்.

ஞாயிறு சாயங்காலம் தெரு நிறைந்த கூட்டம். சந்திரம்மாள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முதல் ஆளாக நின்றாள். இமை உயர்ந்தது. கன்னம் வெளுத்தது. போனிலும் அதே முகம், ஒரு கீற்றுக் கறுப்பு இல்லை. பின்னாலிருந்து குலவைச் சத்தம் எழுந்தது.

"துணி கட்டிகீறியே, மழ வந்தா இன்னா பண்ணுவ?" கடைசியாக ஒரு குற்றம் தேடினாள்.

"நனைஞ்சா இன்னும் களையா இருப்பா."

"கொழுப்புய்யா உனக்கு. ஜீபே பண்ணவா?"

"வேண்டாம்க்கா. கையில எண்ணிக் குடுங்க, எல்லாரும் பாக்கட்டும்."

அபசகுனம் என்று சொன்ன அதே கூட்டத்துக்கு நடுவில் கையை விரித்து நின்றார். சந்திரம்மாள் விரலில் எச்சில் தொட்டு, ஐந்நூறு ஐந்நூறாக, தெருவுக்கே கேட்கும்படி எண்ணி வைத்தாள். பாக்கி தீர்ந்தது. இன்னும் ரெண்டு நோட்டை உருவினாள்.

"இது அந்தத் தெக்கத்திப் பொண்ணுக்கு. நீ அமுக்கிக்காத" என்று அவற்றையும் அந்த உள்ளங்கையிலேயே வைத்தாள்.