ஜெயபாண்டியின் இரண்டு பைகள்

ஜெயபாண்டிக்கு இரண்டு பைகள் உண்டு. ஒன்று அவனோடு ஊர் சுற்றும்போது மற்றொன்று மதுரை பழங்காநத்தத்து வீட்டில் கதவுக்குப் பின்னால் தயாராக நிற்கும். இரண்டும் ஒரே நிறம், ஒரே அளவு. ஊரிலிருந்து வந்ததும் அழுக்குப் பையை இறக்கிவிட்டு, ஒரு வாய் காப்பி குடித்துவிட்டு, மற்றதைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். அவன் மனைவி ஜெயக்கொடி அழுக்கைத் துவைத்துக் காயவைத்து, அதே மடிப்பில் அடுக்கி, சார்ஜர் முதல் இருமல் மாத்திரை வரை உள்ளே போட்டு ஜிப்பை இழுத்து நிறுத்திவிடுவாள். இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவன் அவனேதான். அன்றைக்கு அவனுக்கு என்ன பெருமை! தன் வீட்டிலேயே தனக்கு வலை பின்னுகிறோம் என்று அப்போது யார் கண்டது?

அரிசியில் கிடக்கிற கல்லையும் கறுத்த மணியையும் கேமரா வைத்துப் பார்த்து ஊதித் தள்ளுகிற மிஷின் ஒன்று உண்டு. அதைச் செய்கிற கப்பலூர் கம்பெனியில் அவன் சர்வீஸ் இன்ஜினியர். மிஷின் எந்த மில்லில் படுக்கிறதோ அங்கே போய் நிற்க வேண்டியது அவன் வேலை. நெல்லூர், ராய்ச்சூர், கோந்தியா, பர்த்வான் என்று நெல் விளைகிற இடமெல்லாம் அவனுக்கு ஊர். ஆரம்பத்தில் அவனும் எல்லோரையும் போல அல்லாடினான். ரயிலில் தூக்கம் இல்லாமல், லாட்ஜில் மூட்டைப்பூச்சிக் கடி வாங்கி, கண்ட எண்ணெயில் வயிறு கெட்டு, சீ, இதுவும் ஒரு பிழைப்பா என்று அழாத குறையாகத் திரும்பியிருக்கிறான். ஆனால் ரோஷக்காரன். ஒவ்வொரு கஷ்டத்துக்கும் ஒரு வழி கண்டுபிடித்தான். எந்தப் படுக்கையைக் கேட்டு வாங்கினால் முதுகு தப்பும், எந்த லாட்ஜில் நிஜமாகவே வெந்நீர் வரும், எந்த ஊரில் தயிரும் வாழைப்பழமும் தவிர வேறெதையும் தொடக்கூடாது என்பதெல்லாம் போகப்போக அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு ஆகிவிட்டது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அலுப்பில்லாமல் பயணம் போவது எப்படி என்று கம்பெனி அவனை வைத்து வகுப்பே எடுத்தது. கைதட்டல் வேறு.

வினையே அங்கேதான் வந்தது. மற்றவர்கள் ஊர் போய் வந்தால் முதுகைப் பிடித்துக்கொண்டு முனகுவார்கள், மாமியாருக்கு உடம்பு முடியவில்லை என்பார்கள். அவர்களை மேனேஜர் கொஞ்ச நாள் விட்டுவைப்பார். இவனிடம் எப்படி இருந்தது என்று கேட்டால், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "ஒரு சிரமமும் இல்ல சார்" என்பான். சிரமம் என்று சொன்னால் கௌரவக் குறைச்சல் என்று நினைத்த மனுஷன். சிரமமே இல்லாதவனை எவன் சும்மா உட்காரவைப்பான்? அடுத்த டிக்கெட் தயாராக இருக்கும்.

இந்தக் கூத்தில் அகப்பட்டுக்கொண்டது அவன் தங்கச்சி மகளின் காது.

தங்கச்சி தாமரைச்செல்வியைச் செக்கானூரணிப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தது. அவள் மகள் பவதாரிணிக்கு நாலு வயது முடிந்தும் காது மூளியாகவே இருந்தது. அவர்கள் பக்கம் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்துவார்கள். சீர்த் தட்டுகள் வரிசையாக வரும், கிடா வெட்டும் நடக்கும். ஆனால் மாமன் மடி இல்லாமல் ஆசாரி ஊசியைக் கையில் எடுக்கமாட்டார். ஒரு தடவை தேதி குறித்தபோது ஜெயபாண்டி பர்த்வானில் மாட்டிக்கொண்டான். இன்னொரு தடவை பத்திரிகையே அடித்தாகிவிட்டது; கோந்தியாவில் மில்காரர் இவனை விடவில்லை. தாமரைச்செல்வியின் மாமியார் ஊருக்குக் கேட்கிற மாதிரி பேசினாள். தாமரைச்செல்வி அசையவில்லை. "எங்கண்ணே மடியிலதான் என் மகளுக்குக் காது குத்தணும். அது எம்புட்டு நாளானாலும் சரி" என்றுவிட்டாள்.

பவதாரிணிக்கும் விஷயம் தெரியும். மாமா மடியில் உட்கார்ந்தால் காது குத்துவார்கள், வலிக்காது, கம்மல் மினுமினுக்கும் என்று தினம் சொல்லி வளர்த்திருந்தார்கள். மாமாவைப் பற்றி அவளுக்கு அதைவிட நன்றாகத் தெரிந்தது மாமாவின் பை. அவன் வந்தால் பை வாசலோரம் நிற்கும், திறக்கப்படாது. அவன் கிளம்பும் நேரத்தில் அதன் கைப்பிடியைப் பிடித்து இழுத்துவந்து அவன் காலடியில் நிறுத்தி, "மாமா டாட்டா" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். அவனும் சிரித்து, கெட்டிக்காரி என்று கன்னத்தைக் கிள்ளுவான்.

இந்தத் தையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என்று மறுபடியும் தேதி வைத்தார்கள். ஜெயபாண்டி முன்கூட்டியே லீவு சொல்லிவிட்டான். வெள்ளிக்கிழமை கம்மலை வாங்கிக்கொண்டு கடையை விட்டு இறங்குகிறான், மேனேஜர் போன். ராய்ச்சூரில் மிஷின் நின்றுவிட்டது, அறுவடை நேரம், லாரிகள் வரிசையாக நிற்கின்றன.

"சார், நாளன்னைக்கு என் தங்கச்சி மகளுக்கு..."

"தெரியும் ஜெயபாண்டி, லீவு போட்டிருக்கீங்க. வேற ஆளை அனுப்பினா அவன் வழி கேட்டுப் போய்ச் சேரவே நாளாயிடும். நீங்கன்னா போனதும் தெரியாது, வந்ததும் தெரியாது. ப்ளைட்டே போடுறேன். சன்டே காலைல ஊர்ல இருப்பீங்க."

முடியாது என்கிற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் அந்தப் புகழ்ச்சி இருக்கிறதே, அது அவனை அப்படியே குளிர்வித்துவிட்டது. உண்மைதானே, என்னை விட்டால் யாரால் முடியும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுவிட்டான். விமானத்தில் ஐதராபாத், அங்கிருந்து கார், சனிக்கிழமைக்குள் வேலை, ஞாயிறு விடியலில் மதுரை விமானம்.

ஜெயக்கொடி கம்மல் டப்பாவை வாங்கி வைத்துக்கொண்டு கேட்டாள். "ஏங்க, முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லிப் பாத்தீகளா?"

"காலையில நான் அங்க நிப்பேன். எனக்குத் தெரியாத ரூட்டா? நீ சீரோட முன்னாடி போ. இன்னொரு பையில பட்டு வேட்டி சட்டைய வச்சுக் கொண்டு போயிரு. வந்ததும் அங்கயே மாத்திக்கிறேன்."

அவன் போட்ட கணக்கில் ஒரு பிசகும் இல்லை. மிஷின் சனிக்கிழமை மாலைக்குள் ஓடியது. கார் நேரத்துக்கு வந்தது. விமானம் நேரத்துக்குக் கிளம்பியது. மதுரைக்கு மேலே வந்தபோதுதான் கீழே ஊரையே காணோம். தைப் பனி தரையோடு மூடிக் கிடந்தது. விமானம் வட்டம் போட்டது, மறுபடியும் வட்டம் போட்டது, கடைசியில் திருச்சிக்குத் திரும்பிப் போய் இறங்கி ஒரு ஓரத்தில் நின்றுவிட்டது. பனி விலகியதும் மதுரைக்குக் கிளம்பும், அதுவரை எல்லோரும் இருக்கையிலேயே இருக்கவும் என்று அறிவித்தார்கள்.

"மேடம், நான் இங்கயே எறங்கிக்கிறேன். ரோட்டுல போனாக்கூட நான் சீக்கிரம் போயிருவேன்" என்று பணிப்பெண்ணிடம் கெஞ்சினான்.

"சாரி சார், இங்க யாரையும் இறக்க பெர்மிஷன் இல்ல. தயவுசெஞ்சு உக்காருங்க."

உட்கார்ந்தான். சன்னலுக்கு வெளியே வெயில் பளிச்சென்று அடித்தது. கண்ணுக்கு எட்டிய தூரத்தில் சாலையில் பஸ் போய்க்கொண்டிருந்தது, எழுந்து போனால் ஏறிவிடலாம். இத்தனை வருஷத்தில் எத்தனை வித்தை கற்றிருந்தான், மூடின கதவுக்கு ஒரு வித்தை தெரியவில்லை. மேனேஜர் மேல் வந்த கோபம் பனி மேல் போய், கடைசியில் தன் வாய் மேலேயே வந்து நின்றது.

நல்ல நேரம் முடியப்போகிற நேரத்தில் ஜெயக்கொடி வீடியோவில் கூப்பிட்டாள். கோயில் ஆலமரத்தடியில் கூட்டம். தாமரைச்செல்வியின் மாமியார் கைகளை விரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். ஜெயபாண்டியின் பெரியப்பா மகன் முத்துக்கருப்பன், "நானும் மாமன்தானத்தா, எம்மடியில வச்சுக் குத்துங்க" என்று உட்காரப் போனான்.

"நீ கோவிச்சுக்காதண்ணே. எங்கூடப் பொறந்தவன் இருக்கயில வேற மடி வேணாம்" என்று தாமரைச்செல்வி அழுதாள்.

"இப்ப அவன எங்கத்தா போய்த் தேடுறது?" என்று யாரோ கத்தினார்கள்.

அப்போது ஜெயக்கொடி போனை யார் கையிலோ கொடுத்துவிட்டுப் போனாள். பையைத் தூக்கிவந்து மணையில் படுக்கவைத்தாள். பட்டு வேட்டியை எடுத்து அதன் மேல் விரித்து, நான்கு பக்கமும் இழுத்துச் செருகினாள். "அவரு வரலைன்னா என்ன, அவரு பை வந்திருக்குல்ல. இதுல உக்கார வைங்க" என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவன் கொஞ்சம் தேறியிருப்பான்.

தாமரைச்செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு பவதாரிணியைக் கொண்டுவந்து பையின் மேல் உட்காரவைத்தார்கள். அவள் வேட்டிக்குள் கையை விட்டு, பழகின கைப்பிடியைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். ஆசாரி குத்தினார். வீலென்று ஒரு சத்தம், அப்புறம் குலவை. ஜெயபாண்டிக்குக் கண்ணீர் கண்ணை மறைத்துவிட்டது. பக்கத்து இருக்கைக்காரர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

தாமரைச்செல்வி போனை வாங்கினாள். "அழுகாதண்ணே. ஒரு கொறையும் இல்லாம முடிஞ்சிருச்சு. நீயும் எம்புட்டுத்தான் ஓடுவ? இனிமே எங்க விசேசத்துக்கெல்லாம் நீ இப்படிப் பதறியடிச்சு வர வேணாம்ணே. பையக் குடுத்துவிட்டாப் போதும்." அண்ணன் பாவம் என்ற நினைப்பில்தான் சொன்னாள். ஆசாரியின் ஊசி அவன் காதில் இறங்கியிருந்தால்கூட அப்படி வலித்திருக்காது.

போனை வைத்த கையோடு மேனேஜர் கூப்பிட்டார். மில்காரர் ரொம்பப் புகழ்ந்தாராம். "ட்ராவல் எல்லாம் சௌகரியமா இருந்துச்சுல்ல?"

இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தான். "ஒரு சிரமமும் இல்ல சார்" என்றது வாய்.

பனி விலகி, விமானம் மதுரையில் இறங்கி, அவன் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது பந்தி பாதி முடிந்திருந்தது. கூட்டத்துக்குள் அவனைப் பார்த்ததும் பவதாரிணி கம்மல் மினுமினுக்க உள்ளே ஓடினாள். பையை இரண்டு கையாலும் இழுத்துக்கொண்டு வந்து அவன் காலடியில் நிறுத்தி, "மாமா டாட்டா" என்றாள்.

"மாமா எங்கயும் போகலத்தா. இங்க வா, மாமா மடியில உக்காரு" என்று அங்கேயே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கையை நீட்டினான்.

பிள்ளை முகம் மாறியது. இரண்டு உள்ளங்கையாலும் காதைப் பொத்திக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். "வேணாம் மாமா, குத்தியாச்சு!" என்று அலறி, ஓடிப்போய் அம்மாவின் சேலைக்குள் ஒளிந்துகொண்டாள். பந்தியே சிரித்தது. ஜெயக்கொடி மட்டும் சிரிக்காமல், அவனுக்கு ஓர் இலை போடச் சொல்லிவிட்டு, பட்டு வேட்டியை மடித்துப் பைக்குள் வைத்தாள்.