சரிவில் நின்ற படகு

இராசதுரை கள்ளை வாயில் வைத்தறியாதவன். குருக்கள்மடத்தில் இது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் வாவிக்கரைத் துறையில் படகொன்று சறுக்கி வந்து அவனுடைய வலக்காலை நசுக்கிய அன்று, துறை முதலாளி உதயரூபன் பொலிசாரிடம், "குடிச்சிட்டு நிண்டவன்" என்று சொல்லிவிட்டான். தேய்ந்த கயிற்றை நம்பி, படகு சறுக்காமல் அடியில் வைக்கும் தடைக்கட்டையை எடுக்கச் சொன்னதே அவன்தான். அதைச் சொல்லவில்லை.

ஆசுபத்திரியில் காலை வெட்டி எடுத்ததைக்கூட இராசதுரையின் மனைவி சீதேவிப்பிள்ளை பொறுத்துக்கொண்டாள். 'குடிகாரன்' என்ற சொல்லைப் பொறுக்கவில்லை. தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஒரு முடிவெடுத்தாள். உதயரூபனிடமே போய் வேலை கேட்டாள். ஊர் மெச்சட்டும் என்று அவனும் கொடுத்தான்.

படகின் அடியில் ஒட்டிய ஊரிச் சிப்பியைச் சுரண்டுவதில் தொடங்கி, கயிறு பிடிக்கும் இடத்துக்கு வந்தாள். துறையின் இறங்குவழி இருபுறமும் கருங்கல் கட்டிய ஒடுக்கமான பாதை. கீழே சரிவு கொஞ்சம், மேலே அதிகம். கீழே ஒருத்தி தாங்கிவிடும் படகை மேலே நாலு பேர் இழுத்துப் பிடிக்கவேண்டும். பாசி ஈரமானால் அந்த நாலு பேரும் போதாது. கயிற்றை மரக்குற்றியில் சுற்றினால் மட்டும் ஒரு கை போதும். விட்டால் படகு முதலில் ஆமை மாதிரித்தான் அசையும். பிறகு முழத்துக்கு முழம் வேகம் ஏறும். அதை முந்தி ஓட மனிதக் காலால் முடியாது. இதையெல்லாம் அவள் வஞ்சத்தோடு கற்றாள்.

உதயரூபன் சுற்றுலாக்காரருக்கென்று புதுப் படகு கட்டினான். தண்ணீரில் இறக்கும் காலை மீனவர் சங்கத்தார் எல்லோரும் கரையில் நின்றார்கள். தடைக்கட்டைகளை எடுத்தாயிற்று. அடியில் பூச்சு சரியா என்று பார்க்க அவன் படகின் கீழ்ப்பக்கம், இரு கற்சுவருக்கும் நடுவே குனிந்தான்.

மேலே குற்றியருகே கயிற்றைப் பிடித்திருந்த சீதேவிப்பிள்ளை அதை ஒரு சாண் விட்டாள். படகு முனகி இறங்கி நின்றது.

"சீதேவியக்கா! இறுக்கிப் பிடியுங்க!" என்று கத்தினான் உதயரூபன்.

"பிடிச்சித்தான் இருக்கன். என்ர மனிசன் அண்டைக்குக் குடிச்சிருந்தவரா, முதலாளி?"

அவளை நோக்கி ஒருவன் பாய்ந்தான். "கிட்ட வந்தா கை விட்டிரும்" என்றாள். அவன் நின்றுவிட்டான்.

இன்னொரு சாண் விட்டாள்.

"இல்ல! அவன் குடிக்கல்ல!" உதயரூபனின் குரல் கீச்சிட்டது. "கயிறு தேஞ்சிருந்தது. நான்தான் கட்டையை எடுக்கச் சொன்ன!"

"எல்லாருக்கும் கேட்டதா?"

"ஓம்" என்றார் சங்கத் தலைவர்.

"இப்ப இறங்கிப் போங்க."

அவன் தண்ணீரில் விழுந்து பக்கவாட்டில் நீந்தி விலகும்வரை அவள் காத்திருந்தாள். பிறகு குற்றியில் இருந்த சுற்றுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துக் கையை எடுத்தாள். படகு சோம்பலாகப் புறப்பட்டது. பாதிச் சரிவில் அதன் சத்தமே மாறியது. இறங்குவழி முடியும் இடத்து அடிக் கல்லில் மோதிய மோதலில் முன்பக்கம் இரண்டாகப் பிளந்தது.

கரையில் நின்ற அத்தனை பேரும் அவன் சொன்னதைக் கேட்டிருந்தார்கள். உதயரூபன் பொலிசுக்குப் போகவில்லை. அவளுக்கு வேலையும் போயிற்று.

வீட்டில் இராசதுரை எல்லாவற்றையும் கேட்டான்.

"அவன் கீழ நிக்கக்குள்ள விட்டிருக்கலாமே" என்றான்.

"விட்டிருந்தா உங்கட பேரை ஆர் மீட்டுத் தாற?" என்று கேட்டுவிட்டு, கயிறு உரித்த உள்ளங்கையில் மஞ்சளை வைத்து அழுத்தினாள். எரிந்தது. நன்றாகத்தான் இருந்தது.