தேநீர் ஊற்றிய கடைசி வகுப்புக்காரி

புலம்பெயர்ந்து வந்த நகரத்தின் பார்க்-எக்ஸ்டென்ஷன் பகுதியில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தின் படிக்கட்டில், ஆண்டுக்கு ஒரு பின்னேரம் மட்டும், அம்மா பொரிக்கும் "பற்றிஸ்" மணத்தோடு மேல்வீட்டு மல்லிகைத் தேயிலை மணமும் கலந்து கிடக்கும். அன்று மேல்வீட்டு மதாம் லின்னிடம் அவருடைய பழைய பல்கலைக்கழகக்காரர்கள் வருவார்கள், பலகாரம் எங்களுடையது.

சீனாவில் மிஷனரிமார் கட்டிய பல்கலைக்கழகம் அது. ஆட்சி மாறியதும் வெளிநாட்டு ஆசிரியர்கள் வெளியேற, பாடப்பிரிவுகளைப் பிய்த்து வேறு கல்லூரிகளுக்குப் பங்கு போட, பெயரே இல்லாமற் போயிற்று. அங்கே சேர்ந்த கடைசி வகுப்பு மதாம் லின்னுடையது. எந்த ஒன்றுகூடலிலும் ஆக இளைய வகுப்புக்காரர்தான் மூத்தவர்களுக்குத் தேநீர் ஊற்ற வேண்டும், அடுத்த வகுப்பு வந்ததும் உட்கார்ந்துவிடலாம் என்பது அவர்கள் வழக்கம். அவருக்குப் பிறகோ ஒருவரும் வரவில்லை. எழுபது வயதிலும் வீங்கிய கால்களோடு அவரே நின்று ஊற்றுவதைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"இதென்ன ஞாயம்? அந்த மனிசி எப்ப ஒரு இடத்தில இருந்து தேத்தண்ணி குடிக்கிறது?" என்று புறுபுறுத்த அம்மா, ஒருமுறை பொறுக்கமாட்டாமல் தேநீர்ச் சாடியை வாங்கப் போனார். மதாம் லின் விடவில்லை. "இது என் வேலை" என்று ஆங்கிலத்தில் வெடுக்கென்று சொன்னார். "நான் என்ன பிழை விட்டனான்?" என்று அம்மா அன்றிரவு முழுக்க முகம் சுண்டிப்போயிருந்தார்.

ஒவ்வொருவராக இறந்துபோக, நான் பள்ளி முடித்த ஆண்டில் வந்தவர் ஒருவரே: பக்கத்து நகரமான லவாலில் மகனோடு இருந்த, மதாம் லின்னுக்கு மூத்த வகுப்பு டாக்டர். அவர் மேசையைப் பிடித்து எழுந்து, சாடியை வாங்கி, மதாம் லின்னை உட்காரவைத்து, அவருக்கு ஊற்றினார். "அப்பாடா, ஒருக்காலாவது!" என்று அம்மா என் காதில் சொன்னார். எனக்கும் மகிழ்ச்சிதான். மதாம் லின்னோ முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

டாக்டர் போனபின் மதாம் லின் அம்மாவிடம் சொன்னார்: "நான் ஊற்றிக்கொண்டிருந்தவரை எனக்குப் பிறகு யாரோ வர இருக்கிறார்கள் என்று நினைக்க முடிந்தது. இன்று அவர் அதை முடித்துவிட்டார்."

மதாம் லின்னும் டாக்டரும் இன்று இல்லை. சீனாவில் அவர்கள் படித்த கட்டடங்களில் வேறொரு பல்கலைக்கழகம் நடக்கிறது. போன மாதம் அம்மாவின் யாழ்ப்பாணப் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவியர் ஒன்றுகூடலுக்கு நானும் போனேன். அதே பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு அண்மையில் இங்கே வந்த ஓர் இளம்பெண் "வாங்கோ அன்ரி" என்று தேத்தண்ணிக் கோப்பையை நீட்டினாள். அம்மா கோப்பையை வாங்காமல் அவளுடைய கையைப் பிடித்தார்.

"அந்த மனிசிக்கு இப்பிடி ஒரு பிள்ளை வரேல்லையே" என்று என்னிடம் சொன்னவர், அந்தக் கையை நெடுநேரம் விடவேயில்லை.