‘இன்னா’வுக்கு ஒரு கடலை மிட்டாய்

சென்னை எனக்கு உள்ளங்கை மாதிரி. கண்ணைக் கட்டி விட்டாலும் தெருத் தெருவாகச் சுற்றிக் காட்டுவேன்.

பொய். ஒரே ஒரு முறைதான் போயிருக்கிறேன். கத்தரிக்காய் லோடு வண்டியில் மூட்டைகளுக்கு மேல் படுத்து, தூங்கிக்கொண்டே போய் தூங்கிக்கொண்டே திரும்பினேன். நான் பார்த்த சென்னை நீல நிறத்தில், ஓரத்தில் ஓட்டையோடு இருந்தது. அது தார்ப்பாய்.

ஆனால் இந்தப் புளுகை என் மகள் கயல் நம்பினாள். கயல் இரண்டாம் வகுப்பு. எங்கள் ஊர் பாகூரிலிருந்து வேனில் ஏறி டவுன் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள். ஒருநாள் வகுப்பில் “எங்க வூடு” என்று சொல்லிவிட்டாளாம். பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அதிலிருந்து வெளியாள் முன்னால் அவள் வாய் திறப்பதில்லை. எது கேட்டாலும் தலைதான் ஆடும். இந்த நிலைமையில், லீவு முடிந்ததும் ஒவ்வொருவரும் எழுந்து நின்று எந்த ஊருக்குப் போனோம் என்று சொல்ல வேண்டும் என டீச்சர் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

“நான் இஸ்கூலுக்கே போவல,” என்று ஒரே அழுகை.

சொல்வதற்குப் பெரிய ஊராக ஒன்று கிடைத்தால் வாய் தானாகத் திறந்துவிடும் என்று ஐந்தாவதோடு படிப்பை நிறுத்திய இந்த அறிவாளி கணக்குப் போட்டான். சென்னை, இரண்டு நாள்.

நான் போட்ட திட்டத்தில் மெரினா, மியூசியம், மிருகக்காட்சி சாலை, மெட்ரோ, மால், ரெண்டு கோயில், மறுபடியும் ஒரு கடற்கரை இருந்தன. என் மனைவி தேவி, கரும்பில் காய்ந்த சோகையை உரிப்பதுபோல் அதை உரித்துப் போட்டாள்.

“யோவ், புள்ளைங்கள கூட்டிகினு ஊர் பாக்கப் போறியா, ஓட்டு கேக்கப் போறியா? முகிலு எப்போ தூங்குவான்? எங்க ஒன்னுக்குப் போவான்?”

முகிலன் எங்கள் சின்னவன். நாலு வயது.

“காலைல ஒரு எடம், மத்தியானம் தூக்கம், சாயந்தரம் ஒரு எடம். அதுக்கு மேல ஒன்னு சேத்தன்னா நீ மட்டும் போய்க்கோ.”

சின்னப் பிள்ளைகளோடு நகரத்துக்குக் கிளம்புகிறவர்கள் இதைச் சுவரில் எழுதி வைத்துக்கொள்ளலாம். திட்டத்தில் என் பங்காக மிஞ்சியது மாற்று டவுசர் நாலு. நாலும் தேவைப்பட்டன.

சனிக்கிழமை காலை. பாகூரிலிருந்து புதுச்சேரிக்கு இருபது கிலோமீட்டர் சொச்சம், டவுன் பஸ். அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகச் சென்னைக்கு நூற்றைம்பது. பஸ் கிளம்பியதும் நான் பள்ளிக்கூடம் ஆரம்பித்தேன்.

“சென்னையில ‘இன்னா’ன்னு சொல்லக்கூடாது. ‘என்ன’ன்னு சொல்லணும். ‘வூடு’ இல்ல, ‘வீடு’. யாரு தப்பா சொல்றாங்களோ, அவங்க ஒரு கடலை மிட்டாய் குடுத்துடணும்.”

சொல்லி வாய் மூடவில்லை, கண்டக்டர் தோளைத் தட்டினார். “இன்னா?” என்று திரும்பினேன். முதல் மிட்டாய் என்னுடையது. மரக்காணத்தில் உப்பு மேடுகள் வெள்ளை வெளேரென்று வந்தபோது நான் தோற்ற மிட்டாய் அத்தனையும் முகிலன் வயிற்றில் இருந்தன. கயல் ஒன்றுகூடத் தோற்கவில்லை. பேசினால்தானே தோற்பதற்கு.

திருவான்மியூரில் இறங்கினோம். ஆட்டோக்காரர் ஒருவர் வந்து நின்றார். நான் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, “நாங்கள் திருவல்லிக்கேணி செல்ல வேண்டும்,” என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “இன்னாபா, நியூஸ் வாசிக்கிற?”

“அப்பா!” என்று கத்தினான் முகிலன். “இந்த மாமா மிட்டாய் குடுக்கணும்!”

எனக்கும் தாங்கவில்லை. “இன்னாண்ணே, பாகூர்லேர்ந்து வரோம். பாத்து சொல்லு,” என்றேன். நானூறு கேட்டவர் முந்நூற்றைம்பதுக்கு இறங்கினார். நல்ல தமிழுக்கு அந்த ஐம்பது குறைந்திருக்காது. கயல் மட்டும் வழி நெடுக அவர் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மாலை, மெரினா. லாட்ஜில் தேவி உத்தரவுப்படி தூங்கி எழுந்து நடந்தே போனோம். முகிலன் அலைக்கு ஒரு டவுசர் கொடுத்தான். பலூன்காரர் குனிந்து, “பேர் இன்னா கண்ணு?” என்று கயலிடம் கேட்டார். தலை ஆடியது. இவ்வளவு தூரம் வந்தும் அதே தலைதான். மணலோரக் கடையில் வாங்கிய பஜ்ஜி எனக்கு இறங்கவில்லை. அந்தக் கடையில் எனக்குத்தான் முதல் தடவையாக பஜ்ஜி இறங்காமல் போயிருக்கும்.

தேவி மணலைத் தட்டிக்கொண்டே சொன்னாள்: “இஸ்கூல்ல சிரிச்சாங்க. நீ மிட்டாய் புடுங்கற. அவளுக்கு ரெண்டும் ஒன்னுதான்யா.”

கையில் மிச்சமிருந்த மிட்டாய் பாக்கெட்டைக் கயல் மடியில் வைத்தேன். “ஆட்டம் முடிஞ்சிதுடா,” என்றேன். அவள் ஒரு மிட்டாயை எடுத்துக் கடித்தாள்.

ஞாயிறு காலை, மெட்ரோ. இறங்கும் மின்படிக்கட்டு முன்னால் நான் மாட்டு டாக்டரைப் பார்த்த காளைபோல் நின்றுவிட்டேன். ஊரில் ஓடும் டிராக்டரிலிருந்து குதிக்கிறவன்தான் நான். முகிலன்தான் என் கையைப் பிடித்து இறக்கிவிட்டான். பின்னால் ஒரு வரிசையே எங்களுக்காகக் காத்திருந்தது.

விமான நிலையம் வரைக்கும் ரயில். எதிரே கழுத்தில் அட்டை தொங்க, மடியில் லேப்டாப் பையோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். டீச்சர் மாதிரி கண்ணாடி. கயல் என் பக்கம் ஒண்டிக்கொண்டாள். அந்தப் பெண்ணுக்கு போன் வந்தது.

“இன்னாமா? இன்னிக்கும் டூட்டிதான். வூட்டுக்கு வர லேட்டாவும். நீ சாப்டு.”

கயல் நிமிர்ந்தாள். அந்தப் பெண் போனை வைக்கும்வரை பொறுத்திருந்து, எழுந்து நின்று, பெட்டி முழுக்கக் கேட்கும்படி கேட்டாள்:

“அக்கா, உங்க வூடு எங்க இருக்குது?”

“ராயபுரம்டா கண்ணு. உங்க வூடு?”

“பாகூரு. எங்க வூட்டாண்ட பெரிய ஏரி இருக்குது.”

“எங்க வூட்டாண்ட கடலே இருக்குதே!”

கயல் கொஞ்சம் யோசித்தாள். “எங்க ஏரித் தண்ணில நெல்லு வெளையும். உங்க கடல்ல இன்னா வெளையும்?”

அந்தப் பெண் சிரித்தார். பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். பிள்ளை மறுபடி சுருங்கிவிடுவாளோ என்று நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன். கயல் சுற்றிலும் பார்த்தாள். எல்லாரையும்விடச் சத்தமாக அவள்தான் சிரித்தாள். “மீனுதான்மா வெளையும், போதுமா?” என்று அந்தப் பெண் கையெடுத்துக் கும்பிட்டார். கயல் தன் பாக்கெட்டிலிருந்து ஒரு கடலை மிட்டாயை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

ஊரில் நெல் மூட்டைக்கு நல்ல விலை வந்த அன்றுகூட நான் அப்படி நிமிர்ந்து உட்கார்ந்ததில்லை. அந்தப் பெட்டியில் யாராவது கேட்டிருந்தால் சென்னையே என்னுடையது என்று சொல்லியிருப்பேன். நல்லவேளை, யாரும் கேட்கவில்லை.

நாளைக்குப் பள்ளிக்கூடம் திறக்கிறது. எங்கள் தெருப் பிள்ளைகளை உட்கார வைத்து கயல் ஒத்திகை பார்க்கப்போகிறாள் என்று தேவி சொன்னாள். நான் வயலில் மோட்டாரைப் போட்டுவிட்டு, கொட்டகையில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். விமானம் பார்த்த கதையைத்தான் இன்னும் சொல்லவில்லை. தலைக்கு மேலே அவ்வளவு கிட்டத்தில் அது இறங்கியபோது, நான் பயப்படவே இல்லை. முகிலனைக் காப்பாற்றத்தான் தரையில் உட்கார்ந்தேன். அப்போது கயல் என்ன செய்தாள் என்றால்,

“அப்பா! இன்னா பண்ற அங்க? நான் சொல்றத கேக்க எல்லாரும் வந்துட்டாங்க, வூட்டுக்கு வா!”