பின்வளவை யார் பார்த்தது?

பாலையூற்றுக்கு அப்பால், பஸ் திரும்பும் இடத்தையும் தாண்டித்தான் நாங்கள் காணி வாங்கினோம். டவுனில் வீட்டுக்காரி ஒவ்வொரு சித்திரைக்கும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வாடகையைக் கூட்டினாள். மாகாணத் தலைநகர் என்ற பெயர் வந்த பிறகு கடலைப் பார்த்த காணியெல்லாம் ஹோட்டல்காரருக்குப் போய்விட்டது. எங்களைப் போன்றவர்களுக்குப் பற்றைக்காட்டைப் பார்த்த காணிதான் மிச்சம். என் சீதன நகை அவ்வளவும் அதற்குள் போனது, தாலிக்கொடியைத் தவிர. அந்த வளவு கைவிட்டுப் போனால் இந்த ஊரில் எனக்குக் கால் வைக்க ஒரு சாண் நிலம் இல்லை.

விற்றவர் வெளிநாடு போகிற அவசரத்தில் இருந்தார். தான் கட்டிய சின்ன வீட்டையும் பழைய கிணற்றையும் காட்டினார். பின்பக்கம் போய்ப் பார்ப்போமா என்று கேட்டேன். “அங்கால ஒண்டுமில்லைத் தங்கச்சி, பத்தைதான்” என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை உதைத்தார். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் காணி உறுதிப் பத்திரம் சரி என்று நொத்தாரிசு சொன்னார். இவருக்கோ கிணற்றுத் தண்ணீர் வாயில் பட்டதுமே காணி பிடித்துவிட்டது.

இவர் என்றால் என் கணவர். யாழ்ப்பாணத்துக்காரர். உப்புவெளியில் வளர்ந்த எனக்கு வேலி என்றால் ஆடு வராமல் கட்டுவது. இவருக்கு அது தாய்ப்பாலோடு வந்த வியாதி. உக்கிப்போன வேலிக் கதியால் தடிகளை மாற்றுகிற சாட்டில் பக்கத்து வளவுக்காரர் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நகருவதை அங்கே வேலி அரக்குவது என்பார்கள். இவருடைய ஐயாவும் பெரியப்பாவும் அதற்காகவே கோர்ட்டு வாசலில் கிழண்டு போனவர்கள். ஆகவே குடிவந்த அன்று இவர் வீட்டைப் பார்க்கவில்லை. நேரே போய்ப் பக்கத்து வேலியைப் பார்த்தார்.

வேலிக்கு அந்தப்பக்கம் மாடு வளர்க்கிற ஒரு மனிதர், தனி ஆள். சண்டைக் காலத்தில் இந்தப் பக்கத்துச் சனம் முழுவதும் இடம்பெயர்ந்து போயிருந்தது. திரும்பி வந்து முதன்முதலில் பற்றை வெட்டிக் குடியேறியவர் அவர்தான். எங்களுக்கு ஒரு போத்தல் பால் கொண்டுவந்து தந்தார்.

“சும்மா தாறார் எண்டு நினைக்கிறியோ?” என்றார் இவர்.

மாரி முடிந்ததும் அந்த மனிதர் கதியால் மாற்றினார். இவர் கயிறு பிடித்து அளந்துவிட்டு, வேலி உள்ளே வந்துவிட்டது என்றார். அந்த மனிதர், இல்லை என்றார். வாய்த்தர்க்கம் முற்றி, அந்த மனிதரின் செத்துப்போன மனைவியையும் இவர் இழுத்துப் பேசுகிற வரைக்கும் போனது. எனக்கு வெட்கமாக இருந்தது. பால் நின்றுபோனது.

அந்த நாட்களில்தான் பின்வளவுப் பாலை மரத்தில் சிவப்பு மையில் ஒரு வளையம் கண்டேன்.

“அவன்ரை வேலைதான். எல்லை காட்டுறான்” என்றார் இவர். பக்கத்து வேலிக்காரன் எதற்காகப் பின்னால் வந்து மை பூசவேண்டும் என்று கேட்டேன். இவர் கயிற்றை எடுத்துக்கொண்டு மறுபடி வேலிக்குப் போனார். கொஞ்ச நாள் கழித்துப் பற்றைக்குள், தலையில் வெள்ளை அடித்த கொங்கிறீட் கட்டைகள் வரிசையாக நின்றன. பிறகொரு மத்தியானம் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றபோது என் தலைக்கு மேல் ஒரு ட்ரோன் இரைந்தது. கொடியையும் கிணற்றையும் என்னையும் ஆற அமரப் பார்த்துவிட்டுக் காட்டுப் பக்கம் போனது. ஈர உடுப்பைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு உள்ளே ஓடிக் கதவைப் பூட்டினேன்.

“முதல்ல மதிலைக் கட்டுவம், பிறகு அதைப் பாப்பம்” என்றார் இவர். பின்பக்கத்தை அடைக்க வாங்கி வைத்த கல்லும் சீமெந்தும் பக்கத்து மதிலுக்குப் போயின. ஆளுயர மதில், மேலே உடைந்த போத்தல் ஓடு. மேசன் பூசிக்கொண்டிருந்தபோது அந்த மனிதர் மாட்டைப் பிடித்தபடி வந்து நின்றார்.

“என்ட முகத்தைப் பாக்க உங்களுக்கு விருப்பமில்லை. சரி. இனி உங்கட முகமும் எனக்குத் தெரியாது.”

மதில் காய்வதற்குள் அடுத்த வரிசைக் கட்டைகள் பாலை மரத்தைத் தாண்டிவிட்டன. சமைக்கும்போது குசினி யன்னலைத் திறந்தால் முதலில் தெரிவது அதுதான். நான் யன்னலைத் திறப்பதை விட்டுவிட்டேன்.

ஒருநாள் காலை ஜீப் வந்தது. எந்த அலுவலகம் என்று கேட்டதற்கு மேலிடத்து உத்தரவு என்றார்கள். வந்தவர்களில் பெரியவர் மரியாதையாகத்தான் பேசினார். அந்த மரியாதைதான் என்னைப் பயப்படுத்தியது.

“படத்தில இது காடு அம்மா. காடு எண்டால் உங்கட உறுதி செல்லாது. முந்தி இது குடியிருந்த வளவு எண்டு சொல்ல ஆரும் இருக்கினமா?”

இருந்தது ஒரே ஒரு ஆள்தான். மதிலைச் சுற்றி ரோட்டால் ஓடினேன்.

“அண்ணை, ஒருக்கா வந்து சொல்லுங்கோ. கிணறு முந்தியே இருந்தது எண்டு மட்டும் சொன்னாப் போதும்.”

மாட்டைக் கட்டிவிட்டு என் பின்னால் வந்தார். இவரைத் திரும்பியும் பார்க்கவில்லை.

“நீங்கள் திரும்பி வரேக்க இது எப்பிடிக் கிடந்தது?” என்று பெரியவர் கேட்டார்.

“காடு.”

“வளவு இல்லையோ?”

“இல்லை. நல்ல காடு. நான் கண்ணால பாத்தனான்.”

பொய் இல்லை. சனம் இல்லாத நிலத்தில் காடு வராமல் வேறென்ன வரும்? ஆனால் கிணற்றைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. அந்த இடத்திலேயே மண்ணை வாரித் தூற்றியிருப்பேன், கை எழும்பவில்லை.

பெரியவர் தலையாட்டினார். பிறகு மதிலைப் பார்த்தார்.

“அங்கால இருக்கிறது உங்கட வளவுதானே? அதுவும் அப்ப இப்பிடித்தான் கிடந்ததோ?”

அப்போதுதான் அந்த மனிதர், மதில் எழும்பிய பிறகு முதன்முறையாக, இவருடைய முகத்தைப் பார்த்தார்.

பெரியவரோடு வந்த பெடியங்கள் ஜீப்பில் மிச்சமிருந்த வெள்ளைத் தலைக் கட்டைகளை இறக்கித் தோளில் வைத்துக்கொண்டு, அந்தப்பக்கம் போக எது வழி என்று கேட்டார்கள். இவர்தான் கையை நீட்டிக் காட்டினார்.